கொக்கி ஊசியும் கைப்பேசியும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு, கைத்தொழிலும் புதிய தொழில்நுட்பமும் என்பதாகும். தலைப்போ கடல், நமக்கு வாய்த்த நேரமோ அரைமணி. ஆகவே அக்கடலினின்றும் ஒரு கைந்நீரை மட்டும் அள்ளிக்கொண்டோம். குரோஷாப் பின்னல் பின்னுவோர்க்கு உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றை எவ்வாறு வடிவமைத்தல் வேண்டும் என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது. பள்ளித் தலைமையாசிரியர் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். இச்சிறு பொருளுக்குள் கணக்கு இருக்கின்றது, மொழி இருக்கின்றது, உழைப்பின் விலை இருக்கின்றது. கருவியை ஆக்குவோர் யார், ஆக்கிய கருவிக்குக் கையை மட்டும் கொடுப்போர் யார் என்னும் பெருவினாவும் இருக்கின்றது. எனவே பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

குரோஷா என்பது, முனையில் கொக்கி அமைந்த ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் கலை. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலுக்கு 1589 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் பொறி ஒன்றைக் கண்டார். குரோஷாப் பின்னலுக்கோ, தொழிற்சாலைகளில் வழங்கும் பொறி இன்றளவும் வந்திலது. கடையில் தொங்கும் மெய்யான குரோஷாப் பின்னல் எதுவாயினும், அதன் பின்னே ஒரு மனிதக் கை உண்டு. இதனை நாம் முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இக்கலையை இன்று பலரும் பொழுதுபோக்கு என்கின்றனர். அதன் வரலாறு வேறு கதை சொல்கின்றது. 1845 இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று, கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அக்காலத்தில் கன்னியர் மடங்களிலும் ஊர்ப்புறங்களிலும் ஏழைப் பெண்கள் குரோஷா கற்று, அதனை விற்றுக் குடும்பத்திற்குக் கஞ்சி வார்த்தனர். மோனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்னும் ஊரில் 1847 இல் பாதிரியார் ஒருவரின் துணைவியாரான கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். அவ்வூரின் பெயராலேயே ஒரு பின்னல் வகை இன்றும் வழங்குகின்றது.

நம் அண்டை மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஆந்திர மாநிலத்து மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபுரம் என்றோர் ஊர். 19 ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர் வாயிலாக அவ்வட்டாரத்திற்கு இப்பின்னல் வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து கிறித்தவம் தழுவிய ஏழைப் பெண்டிர் அதனை முதலில் கற்றவருள் அடங்குவர். பிற்காலத்தில் பல சாதிப் பெண்களும் அத்தொழிலில் இறங்கினர். பொருள்கள் கடல் கடந்தன. மரியா மீஸ் என்னும் செருமானிய சமூகவியலறிஞர் அங்குச் சென்று ஆராய்ந்து, 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை நம் நெஞ்சைத் தைப்பதாகும். அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். ஆயினும் அவர்களைத் தொழிலாளர் என்று எவரும் எண்ணவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றே வணிகர் கூறினர். வேலைக்கு ஓய்வு என்று பெயர் சூட்டியதால், கூலிக்குக் கணக்குக் கேட்கும் வழி அடைபட்டது. வணிகர் வளர்ந்தனர்; பின்னிய விரல்கள் பின்னிய இடத்திலேயே நின்றன. 2024 இல் நரசாபுரம் குரோஷாப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஊர்ப்பெயருக்கு மதிப்பு வந்தது நன்றே. அம்மதிப்பு விரல்களுக்கும் வந்து சேர்தல் வேண்டுமன்றோ?

இது நிற்க. இனிச் செயலிக்கு வருவோம்.

செயலி வடிவமைக்கப் புகுவோர் முதலிற் கணிப்பொறியின் முன் அமர்தல் கூடாது. பின்னுபவரின் பக்கத்தில் அமர்தல் வேண்டும். நமது பள்ளியில் தையல் ஆசிரியையிடம் குரோஷா கற்கும் மாணவியர் வரிசையை எண்ணுவதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றனர். இரண்டு கொட்டாங்கச்சிகள், ஒன்றில் புளியங்கொட்டைகள். ஒரு வரிசை பின்னி முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்து மற்றதில் இடுவர். அவ்வளவே. இப்புளியங்கொட்டையின் பெருமையை ஒருசிறிது சிந்திப்போமாக. அதனைக் கண்ணால் நோக்க வேண்டுவதில்லை, விரலே அறியும். தாய் அழைத்தாள் என்று எழுந்து போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் எண்ணிக்கை மறைவதில்லை. பின்னலில் பிழை நேர்ந்து ஒரு வரிசையைப் பிரித்தால், ஒரு கொட்டையைத் திரும்ப வைத்தாற் போதும். மின்சாரமும் வேண்டா, காசும் வேண்டா.

கைப்பேசிச் செயலி இந்நான்கு பண்புகளையும் பெற்றிருத்தல் வேண்டும். பெறாதாயின், புளியங்கொட்டையே சிறந்தது என்று நாம் துணிந்து கூறுவோம். பின்னுபவரின் இடக்கை நூலை இறுக்கிப் பிடித்திருக்கும். வலக்கை ஊசியைப் பிடித்திருக்கும். ஒரு விரலின் முட்டியோ கட்டைவிரலின் ஓரமோ மட்டுமே திரையைத் தொட வாய்ப்புப் பெறும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கூகுள் நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டுதலின்படி, தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம். குரோஷாச் செயலிக்கு இதுவும் போதாது. திரையின் கீழ்ப்பாதி முழுவதும் ஒரே பொத்தானாக இருக்கலாம். தொட்டவுடன் எண் ஒன்று கூடுதல் வேண்டும். சிற்றதிர்வு ஒன்று விரலுக்கு அதனை உணர்த்தல் வேண்டும். ஒவ்வொரு தொடுதலும் அப்பொழுதே கைப்பேசியின் நினைவகத்தில் பதிதல் வேண்டும். நடுவே அழைப்பு வந்தாலும், மின்னேற்றம் தீர்ந்து அணைந்தாலும், 37 ஆவது வரிசை 37 ஆவது வரிசையாகவே காத்திருத்தல் வேண்டும். ஒன்றைக் குறைக்கும் பொத்தான் தனியே சிறிதாக இருக்கலாம். அனைத்தையும் அழிக்கும் பொத்தானோ, ஒருமுறைக்கு இருமுறை கேட்ட பின்னரே அழித்தல் வேண்டும். பின்னிக்கொண்டிருக்கையில் திரை தானே இருண்டுவிடாதிருக்கவும் வழி செய்தல் வேண்டும்.

புளியங்கொட்டைக்கும் குறை உண்டு. அது எண்ணும், ஆனால் அடுத்த வரிசையில் என்ன பின்னுவது என்று சொல்லாது. தம்பி ஓடி வந்து காலால் தட்டினால் கணக்கு முழுவதும் தரையில் சிதறும். அந்த இடத்திலேதான் செயலிக்கு வேலை தொடங்குகின்றது. இப்பொழுது பின்ன வேண்டிய வரிசையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுதல், முடிந்த வரிசையை மங்கலாக்குதல், பொம்மையின் தலைக்கும் உடலுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தல் ஆகியவை அதனாற் கூடும்.

நம் இல்லங்களின் நிலையையும் வடிவமைப்போர் அறிதல் வேண்டும். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. அதுவும் தந்தையார் வேலைக்குச் செல்கையில் அவரோடு சென்றுவிடும். ஆகவே ஒரே கைப்பேசியில் தாய்க்கும் மகளுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும். இணையம் இல்லாதபோதும் அது இயங்குதல் வேண்டும். பின்னல் முறையை நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்ளும் வகையில் ஒரே பக்கத்தில் காட்டவும் வேண்டும். கைப்பேசி வெளியே சென்ற பின்னும் பின்னல் நடைபெற வேண்டுமன்றோ?

அடுத்து, மொழி. குரோஷா முறைகள் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் எழுதப்பெறுகின்றன. 'டி.சி.' என்று ஒரு சுருக்கம். நம் போன்ற தலைமையாசிரியர்க்கு டி.சி. என்றதும் மாற்றுச் சான்றிதழ்தான் நினைவிற்கு வரும்! குரோஷாவிலோ அதற்கு இரண்டு பொருள். அமெரிக்க முறையில் அது உயரமான ஒரு தையல். பிரித்தானிய முறையில் அதே எழுத்துகள் அதனினும் குட்டையான வேறொரு தையலைக் குறிக்கும். எந்நாட்டு முறை என்றறியாது பின்னினால், குழந்தைக்குப் பின்னிய குல்லாய் ஏறத்தாழ இருமடங்கு உயரமாக வளர்ந்து நிற்கும். நன்கு ஆங்கிலம் கற்றவரும் இதில் இடறுவர்.

ஆனால் இதற்கு ஒரு நல்வழி முன்னரே உண்டு. குரோஷாவுக்குப் படக்குறிகள் இருக்கின்றன. சிறு நீள்வட்டம் சங்கிலித் தையலைக் குறிக்கும். பெருக்கற்குறி அல்லது கூட்டற்குறி குட்டைத் தையலைக் குறிக்கும். உயர்ந்த தையல்களுக்கு ஆங்கில 'டி' எழுத்துப் போன்ற வடிவம். நூலை ஊசியில் சுற்றும் எண்ணிக்கைக்கேற்ப அதன் குறுக்கே கோடுகள் மிகும். சப்பானியப் பின்னல் நூல்கள் பெரும்பாலும் இக்குறிகளாலேயே அமைந்தவை. அம்மொழியில் ஓரெழுத்தும் அறியாத பிறநாட்டார் அவற்றைப் பார்த்துப் பின்னுகின்றனர். ஆதலின் நம் செயலியில் மூன்றும் அமைதல் வேண்டும்: படக்குறி, அதன் தமிழ்ப்பெயர், அதனைப் படித்துக் காட்டும் குரல். எழுத்தறியாத பாட்டியும் காதால் கேட்டுப் பின்னலாம். அப்பாட்டி தன் ஊர் வழக்கில் ஒரு தையலுக்கு வேறு பெயர் வைத்திருந்தால், அப்பெயரையே இட்டு வைத்துக்கொள்ளவும் இடம் வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. மாணவச் செல்வங்கள் இங்குச் சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டுகின்றோம். உருண்டையான பொம்மை பின்னுவோர் நடுவில் 6 தையல்களில் தொடங்குவர். அடுத்த சுற்று 12, அதற்கடுத்தது 18, பின்னர் 24. இது நீங்கள் பத்தாம் வகுப்பிற் படிக்கும் கூட்டுத் தொடர் வரிசையே. எட்டாவது சுற்றில் 48 தையல்கள் இருத்தல் வேண்டும். எட்டுச் சுற்றுகளிலும் கூடி 216 தையல்கள். ஒரு மாணவி எண்ணிப் பார்த்து 47 என்று கண்டால், ஒரு தையல் எங்கோ நழுவியது என்று அப்பொழுதே அறியலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எத்தனை தையல் இருத்தல் வேண்டும் என்பதைச் செயலி முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டினால், பத்துச் சுற்றுப் பின்னிய பின் பிரித்து அழும் துன்பம் நீங்கும். "இதனை ஆறு முறை செய்க" என்னும் அடைப்புக்குறிக்குள் மற்றோர் அடைப்புக்குறி வரும் பின்னல் முறைகளும் உண்டு. அவை இயற்கணிதமேயன்றி வேறல்ல. கணிப்பொறி நிரலில் சுழற்சி என்று கூறுவதும் அதுவே. குரோஷா பின்னத் தெரிந்த பெண் நிரல் எழுதுதலின் பாதியை முன்னரே கற்றவள் என்போம்.

பெருக்குத் தொடரும் இங்குண்டு. ஒவ்வோர் ஐந்து தையலுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே சென்றால் 25, 30, 36 என்று வரிசை பெருகும். பின்னல் தட்டையாக நில்லாது, கீரை இலையின் ஓரம்போல் சுருண்டு அலையலையாக எழும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாட்வியா நாட்டுக் கணித அறிஞர் டைனா டைமினா அம்மையார், 1997 இல் இம்முறையைக் கைக்கொண்டு, அதிபரவளையத் தளம் என்னும் கடினமான வடிவியற் கருத்தைக் குரோஷாவிற் பின்னி மாணவர் கையிற் கொடுத்தார். முன்பு காகிதத்தில் ஒட்டிச் செய்தவை எளிதிற் கிழிந்தன. நூலிற் செய்தது நிலைத்தது. கைவேலை வேறு, அறிவு வேறு என்று பிரித்து வைத்தோர்க்கு இதனினும் சிறந்த விடை யாது வேண்டும்?

நான்காவதாக, ஆக்குவோரும் பயன்கொள்வோரும் எவ்வாறு கூடி வாழ்தல் வேண்டும் என்பது. பின்னல் ஆர்வலர்க்கென 2007 இல் அமெரிக்காவில் 'ரேவல்ரி' என்னும் இணையத்தளம் தோன்றிற்று. அதனைத் தொடங்கியோர் ஓர் இணையர்; ஒருவர் பின்னுபவர், மற்றவர் நிரல் எழுதுபவர். பின்னுபவரின் குறை நிரல் எழுதுபவரின் செவிக்கு உடனே எட்டியது. அத்தளம் உலகெங்கும் பரவியதற்கு இது ஒரு காரணம் என்று கருதலாம். அதே தளம் 2020 இல் புதிய தோற்றம் பூண்டபோது, அது கண்ணை உறுத்துகின்றது, ஒற்றைத் தலைவலி தருகின்றது, வலிப்புக்கும் ஏதுவாகின்றது என்று பயன்படுத்துவோர் பலர் முறையிட்டனர். அழகு பார்ப்போர் கண்ணுக்கு ஒன்று. நாள் முழுதும் உற்று நோக்குவோர் கண்ணுக்கு மற்றொன்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்று உலகளாவிய வலைத்தள விதிமுறை வகுத்துள்ளது. மாலை வேளையில் மங்கிய விளக்கின் கீழ்ப் பின்னும் தாய்மார்க்கு இது விதி மட்டுமன்று, கண்ணுக்குக் காவலுமாகும்.

ஐந்தாவதாக நாம் கூறுவது அனைத்தினும் முதன்மையானது. செயலியில் ஒரு கடிகாரம் வேண்டும். பின்னத் தொடங்கும்போது ஓடி, நிறுத்தும்போது நிற்கும் கடிகாரம். பொழுதுபோக்கிற்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்பீர்களாயின், ஒரு கணக்குச் சொல்வோம். ஒரு தாய் மேசை விரிப்பு ஒன்றைப் பின்னி 400 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம். நூலின் விலை 120 ரூபாய் போக மிச்சம் 280 ரூபாய். 280 ரூபாய் கிடைத்தது என்று அவர் மகிழ்வார். கடிகாரமோ அவர் பின்னியது 14 மணி நேரம் என்று காட்டும். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 20 ரூபாய்! இந்த ஓர் எண்ணை அவர் கண்ணுக்குக் காட்டினாற் போதும். அடுத்த முறை விலை பேசுகையில் அவர் குரலின் உறுதி வேறாக இருக்கும். நரசாபுரத்துப் பெண்களின் கையில் அன்று இல்லாதிருந்தது இந்த எண்ணே. தன் மகிழ்ச்சிக்காகப் பின்னுவோர் அக்கடிகாரத்தை அணைத்து வைக்கலாம், தடையில்லை. அணைப்பதும் இயக்குவதும் பின்னுபவரின் விருப்பமாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அதனையொட்டி மேலும் ஒன்று. செயலி எவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் தேவையின்றிக் கேட்டல் கூடாது. 2023 இல் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதாரைச் சிறார் எனக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. கணக்கு அனைத்தையும் அந்தக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். ஒருவர் புதிதாகக் கண்ட பின்னல் முறை அவர் பெயருடனேயே வழங்குதல் வேண்டும். உழைப்பைப் போன்றே கற்பனையும் ஒருவரின் உடைமையாகும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பின்னல் முறையை நொடியில் எழுதித் தாராதோ என்று மாணவர் வினவக்கூடும். எழுதித் தரும். 2023 இல் அவ்வாறு பெற்ற முறைகளை அப்படியே பின்னிப் பார்த்த சிலர்க்கு, விலங்கு பொம்மைகள் விந்தையான உருவெடுத்து நின்றன. படிப்பதற்குப் பின்னல் முறைபோலவே இருந்தது. எண்ணிக்கைதான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அக்கருவிகள் நாளும் வளர்கின்றன என்பது உண்மையே. ஆயினும் 48 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கின்றது என்று கண்டறியும் திறன் நம்மிடம் இருந்தால்தான் எக்கருவியும் நமக்கு ஏவல் செய்யும். இல்லையேல் நாம் அதற்கு ஏவல் செய்வோம்.

இவ்வளவும் நம் பிள்ளைகளால் இயலுமா? இயலும். 2010 இல் கூகுள் வெளியிட்டு, பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஏற்று நடத்திவரும் 'ஆப் இன்வென்டர்' என்னும் கருவி கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நிரல் வரிகளைத் தட்டச்சுச் செய்யாமல், கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல் பொருத்திக் கைப்பேசிச் செயலியை அமைக்கலாம். ஒரு பொத்தான், ஓர் எண், அவ்வெண்ணைச் சேமித்து வைக்கும் சிறு பெட்டகம் ஆகிய மூன்றையும் கொண்டு வரிசை எண்ணும் செயலியைச் சில வகுப்புகளிற் செய்து முடிக்கலாம். முதற்செயலி புளியங்கொட்டைக்கு நிகரானால் போதும்; படக்குறியும் குரலும் கடிகாரமும் பின்னர் ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

ஆகவே, வெள்ளி விழா ஆண்டின் நினைவாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். நம் மாலைநேரப் படிப்பகத்தில் எட்டு மாணவ மாணவியரைத் தேர்ந்து, அவர்களோடு குரோஷா அறிந்த தாய்மார் நால்வரை ஒரே மேசையில் அமர்த்துங்கள். பிள்ளைகள் முதல் மாதம் கணிப்பொறியைத் தொடவேண்டா, ஊசியைப் பிடிக்கட்டும். ஆண்பிள்ளைகளும் பிடிக்கட்டும். இரண்டாம் மாதம் தாளில் திரையை வரைந்து தாய்மாரிடம் காட்டட்டும். அவர்கள் விரல் எங்கே தயங்குகின்றது என்று நோக்கட்டும். மூன்றாம் மாதம் செயலியை அமைக்கட்டும். அத்தாய்மார் கற்பிக்க வரும் நேரத்திற்குச் சங்கம் ஊதியம் வழங்குதல் வேண்டும். உழைப்பிற்குக் கணக்கு வேண்டும் என்று சொல்லும் செயலியை, ஊதியமில்லா உழைப்பின்மேல் எழுப்புதல் முறையன்று.

பிறர் செய்த கருவியை வாங்கிப் பயன்படுத்துவதில் இழிவில்லை. ஆயின் எக்காலமும் அதுவே நம் பங்காக அமைதல் ஆகாது. நம் வீட்டுத் தாயின் விரலை அறிந்து ஒரு பொத்தானின் அளவை முடிவு செய்யும் பிள்ளை, நாளை மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் நியாயவிலைக் கடைக்கும் கருவி வடிவமைப்பான். அங்கும் வரிசையில் நிற்கும் எளியவரின் விரலை அவன் மறக்க மாட்டான். இந்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இனிவரும் ஆண்டுகளில் ஆக்கவும் வைக்கட்டும்.